புதன்கிழமைகளில் வராதவள்

1

அழைப்பு மணி விடாமல் அடித்தது.

புதன்கிழமை காலை எட்டரைக்கு என் வீட்டு மணியை யாரும் தொடமாட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் தொடர்கதை அத்தியாயம் பத்திரிகைக்குப் போயாக வேண்டிய நாள் அது. நான் அறைக்குள் நடந்துகொண்டே சொல்வேன். வேலைக்கு வந்து டைப் அடிக்கும் அம்மா கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வருவார். குறுக்கே வந்தால் கடித்துவிடுவேன் என்று என் மைத்துனருக்கே தெரியும்.

வாசகரே, இந்தக் கதை அந்த மணிச் சத்தத்தில்தான் பிறந்தது. என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முடியவில்லை.

2

அன்று அத்தியாயத்தோடு இன்னொன்றும் கழுத்தை நெரித்தது. கல்விச் சிறப்பிதழுக்கு ஒரு சிறுகதை வேண்டும் என்று பத்திரிகைக்காரர் கேட்டிருந்தார். “ஒழுங்கா ஸ்கூலுக்குப் போகணும்னு பசங்களுக்குப் புரியணும் அண்ணே. படிக்கிறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்.”

முதல் தொடக்கம் இது:

“வெயில் சுள்ளென்று ஏறிய பிறகும் அவளுடைய அம்மா எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூட மணி தூரத்தில் ஒலிக்க, அந்தச் சிறுமி அடுப்படியில்…”

(பாதியில் விட்டது. அம்மாவை இன்னும் கொஞ்சம் கெட்டவளாக்கலாமா என்று யோசித்தேன்.)

“எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

டைப் அடிக்கும் அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நல்லா இருக்கு சார். அந்த அம்மாவ எழுப்பிடாதீங்க. பாவம், கதையிலயாவது தூங்கட்டும்.”

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அப்போதுதான் மணி அடித்தது.

3

வாசலில் ஒரு பெண். கையில் மடித்த தாள். என் வாசகி, கையெழுத்து வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவைத் தேடினேன். (இந்த வரியை வெட்டிவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. இருக்கட்டும், எனக்கு உறைக்கட்டும்.)

“டைப் அடிக்கிற அம்மா இங்கதானே வேலை பாக்குறாங்க? நான் அவங்க மூத்த பொண்ணோட கிளாஸ் டீச்சர். வீட்டுக்குப் போனேன். சின்னதை இடுப்புல வெச்சுக்கிட்டு அவதான் கதவத் தொறந்தா.”

தாளைப் பிரித்தார். வருகைப் பதிவின் நகல். பதினோரு சிவப்பு வட்டங்கள், புதன்கிழமைக் கட்டங்களில், நெட்டுக்கு ஒரே வரிசையில்.

டைப் அடிக்கும் அம்மா எழுந்து நின்றுவிட்டார். “தப்புதான் டீச்சர்.”

“நான் திட்ட வரலம்மா. எங்க இடிக்குதுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

“சின்னவள காப்பகத்துல ஒன்பதரைக்குத்தான் எடுத்துக்குவாங்க. மத்த நாள் நானே விட்டுட்டு பத்து மணிக்கு வேலைக்கு வருவேன். புதன்கிழமை மட்டும்…”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நானே முடிக்கிறேன்: புதன்கிழமை மட்டும் எட்டு மணிக்கு வரச் சொன்னவன் நான். குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அத்தியாயத்தைத் திங்கட்கிழமையே எழுதலாம். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. கழுத்துக்குக் கத்தி வந்தால்தான் எனக்குக் கதை வரும் என்று பேட்டிகளில் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன். கத்தி யார் கழுத்தில் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

“தங்கச்சிய விட்டுட்டு பத்து மணிக்கு வந்தாலும் நான் உள்ள விடுவேனே,” என்றார் டீச்சர்.

“எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்களாம் டீச்சர். வெக்கமா இருக்காம்.”

நான் மெல்ல, “வாரத்துல ஒரு நாள்தானே…” என்று ஆரம்பித்தேன்.

“புதுக் கணக்கெல்லாம் புதன்கிழமைதான் ஆரம்பிக்கிறேன் சார். வியாழக்கிழமை இவ பாதியிலேர்ந்து முழிக்கிறா. போன வாரம் எங்கிட்ட வந்து, நான் மக்கு டீச்சர், அடுத்த வருஷம் வரலைன்னு சொன்னா. பத்து வயசு. அவ மக்கு இல்ல சார்.”

காப்பகத்தை எட்டு மணிக்கே திறக்கச் சொல்லி பெற்றோர்கள் சேர்ந்து எழுதிய மனு ஒன்று அவரிடம் இருந்தது. டைப் அடிக்கும் அம்மா கையெழுத்துப் போட்டார். டீச்சர் என் பக்கம் திரும்பினார். “பதில் வர மாசமாகும். அதுவரைக்கும் புதன்கிழமை வேலைய பத்து மணிக்கு மாத்த முடியுமா சார்?”

“தாராளமா,” என்றேன். அந்த ‘தாராளமா’வைச் சொல்லும்போது வள்ளல் மாதிரி கையை வேறு விரித்தேன்.

4

இரண்டாவது தொடக்கத்தில் தூங்கும் அம்மாவை எடுத்துவிட்டு, அவளை விடியற்காலையில் வேலைக்கு விரட்டும் ஒரு தொழிற்சாலை மேலாளரை வைத்தேன். பெரிய மீசையும் வைத்தேன்.

“மீசை வேணுமா சார்?” என்று கேட்டார் டைப் அடிக்கும் அம்மா.

நான் தினமும் மழுங்கச் சவரம் செய்கிறவன். மேலாளரை அழித்தேன்.

பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை என்றால் வீட்டில் யாரோ சரியில்லை என்று இருபது வருடமாக எழுதியிருக்கிறேன். குடிக்கிற அப்பா, சோம்பேறி அம்மா. அந்த வீட்டுக்குப் போய் ‘எங்க இடிக்குது?’ என்று கேட்கிற ஒரு ஆளை என் கதை எதிலும் அனுப்பியதில்லை. ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் திறக்கிற கதவும், இரண்டு மணி நேரம் பொறுக்கிற முதலாளியும் கதைக்குச் சுவையான சரக்கு இல்லை என்று நினைத்திருந்தேன்.

5

இனி முடிவுகள்.

(அ) அவள் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குகிறாள். பத்திரிகைக்காரருக்குப் பிடித்தது இதுதான்.

(ஆ) காப்பகம் எட்டு மணிக்கே திறக்கிறது. மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நானாகத் திறந்துவிட்டால் பொய்.

(இ) எழுத்தாளர் திருந்துகிறார். இரண்டு வாரம் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அது உண்மை. மூன்றாவது வாரம், இந்தக் கதையே இழுத்துக்கொண்டு போனதால், அவர் முந்தின நாள் போன் போட்டு, நாளைக்கு மட்டும் எட்டு மணிக்கே…

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

வாசகரே, மூன்றில் எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

“முடிவ நீங்களே சொல்லிடுங்க சார். ஒன்பதுக்குள்ள முடிஞ்சா தங்கச்சிய எங்கிட்ட விட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடிடலாம்னு, மூத்தவ பைய மாட்டிக்கிட்டு அவளோட கீழ படியில உக்காந்திருக்கா.”