கையை விடும் நேரம்

சுலோச்சனா ஐம்பது என்று எழுதியதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம்தான் காரணம்.

ஆழ்வார்பேட்டையில் ஓர் அலுவலக மாடியில், சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி நடத்திய அச்யுத் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, ஒரு வருஷத்தில் எங்கே போய் நிற்கப் போகிறீர்கள் என்று எழுதச் சொன்னார். தங்கபுஷ்பத்துக்குத் தி. நகரில் முறுக்குக் கடை. அவள் கொஞ்சமும் யோசிக்காமல் "இரண்டாவது கடை, வடபழனி" என்று எழுதிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

சுலோச்சனா பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். அடையாறு காந்தி நகரின் குறுக்குத் தெருக்களில் காலை நேரத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். மாதம் பதினெட்டுப் பேர் வருவார்கள். இருபது என்று எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வடபழனிக்குப் பக்கத்தில் இருபது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

"எண் போடுங்க மேடம். எண் இல்லாத இலக்கு வெறும் ஆசைதான்" என்றார் அச்யுத்.

மாதம் ஐம்பது என்று எழுதினாள். அவர் அதைச் சத்தமாகப் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொள்ளாமல் நிற்பதுபோலவும் இருந்தது.

அந்தத் திருட்டு உணர்வு அவளுக்குப் புதிதில்லை. நான்கு வருஷத்துக்கு முன்புவரை காந்தி நகரில் மூன்று வீடுகளில் சமையல் செய்தவள். ஆற்றோரத்திலிருந்த வீட்டை அரசாங்கம் இடித்துக் குடும்பத்தைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பியபோது, வேலைக்கு வந்துபோக ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினாள். சமைத்த வீட்டு அம்மா ஒருத்தர் எனக்கும் கற்றுக்கொடு என்றார். பிறகு அவருடைய தங்கை, தங்கையின் தோழி என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். லைசென்ஸ் தேர்வில் சுலோச்சனா இரண்டாவது தடவைதான் தேறினாள் என்பது கணவன் டில்லிபாபுவுக்கு மட்டும் தெரியும். யாராவது "மேடம்" என்று கூப்பிட்டால், இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு நொடி தோன்றும்.

ஐம்பதை எட்ட அவள் இரண்டு காரியங்கள் செய்தாள். பெரும்பாக்கத்தில் அதே பிளாக்கில் குடியிருந்த கயலைச் சேர்த்துக்கொண்டாள். கயல் இரண்டு வருஷம் சாப்பாடு டெலிவரிக்கு வண்டி ஓட்டியவள், எதற்கும் பயப்படாதவள். அடுத்து, பத்து வகுப்பாக இருந்ததை ஏழாகக் குறைத்தாள். முதல் மூன்று நாள் பின்னால் உட்கார்ந்து சொல்லித்தருவது, அப்புறம் இறங்கிப் பின் கம்பியைப் பிடித்தபடி ஓடுவது, சரியான நேரத்தில் கையை விடுவது. முன்பு ஆறாம் நாளோ ஏழாம் நாளோ விடுவாள். இப்போது நான்காம் நாளே விட வேண்டியிருந்தது. ஆகஸ்டில் முப்பத்துநான்கு பேர் சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில்தான் புஷ்ரா விழுந்தாள்.

புஷ்ராவுக்குப் பத்தொன்பது வயது. மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்குக் கல்லூரிக்கு வருபவள். அன்று அவளுக்கு நான்காம் வகுப்பு. சுலோச்சனா பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் அடுத்த வகுப்புக்காரப் பெண் வந்து நின்று மணி பார்த்தாள். அடுத்த கணம் சுலோச்சனாவின் கை கம்பியில் இல்லை. ஸ்கூட்டர் இருபதடி போய், நின்றிருந்த காரை உரசிச் சாய்ந்தது. புஷ்ராவின் வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்வரை சுலோச்சனா கூடவே இருந்தாள். புஷ்ராவின் அம்மா அஸ்மத்துன்னிசா வந்ததும் மகளைத்தான் பார்த்தார், இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதன்பிறகு ஒரே கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. புஷ்ரா தயாராகிவிட்டாள் என்று கையை விட்டாளா, அடுத்தவள் காத்திருக்கிறாள் என்று விட்டாளா? எத்தனை தடவை யோசித்தாலும் கம்பியில் கை இருந்தது ஞாபகம் வந்தது, கை இல்லாததும் ஞாபகம் வந்தது. நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் வரவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்துத் திகைத்தாள். இத்தனை வருஷமாக எதைப் பார்த்துக் கையை விட்டுக்கொண்டிருந்தாள்? தோள் இறங்குவதையா, முழங்கை தளர்வதையா? தெரியவில்லை. யோசிக்காமல் செய்தவரை கை தானாக விட்டது. யோசிக்கத் தொடங்கியதும் கை விட மறுத்தது. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள் என்று மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, நீங்க விட்டாத்தானே நான் ஓட்டுவேன்?" என்று ஒரு பெண் எரிச்சலோடு கேட்டாள். இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். கயலிடம் கற்றவர்கள் மட்டும் ஏழு நாளில் ஓட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததும் குழப்பம் இரட்டிப்பானது. ஏழு நாள் தப்பில்லையோ, தப்பு தன்னிடம்தானோ?

ஒருநாள் ஆட்டோவைத் தெருவோரம் நிறுத்திவிட்டு டில்லிபாபு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாமே இது? வண்டிய நீயே தள்ளிகினு கீற. அதுங்க மேல குந்திகினு வருதுங்க."

"விழுந்துட்டா?"

"நீ விழல? கூவத்தாண்ட நீ விழுந்தப்போ நான்தான தூக்கினேன்."

"அது நான். இது ஊரான் வூட்டுப் பொண்ணு."

அச்யுத்துக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "உங்க திறமை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்ல, அதான் பிரச்சினை. தினமும் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, என்னால முடியும்னு பத்து தடவை சொல்லுங்க" என்றார்.

நான்கு நாள் சொன்னாள். ஐந்தாம் நாள் பாதியில் நிறுத்தினாள். முடியும் என்றால் எது முடியும்? ஐம்பது பேரைச் சேர்க்கவா, ஒருத்தியை விழாமல் ஓட்டவைக்கவா? இரண்டும் ஒன்று என்று நினைக்கத் தொடங்கியது எப்போது என்றுகூட அவளுக்குப் புரியவில்லை. பேசாமல் திரும்பச் சமையலுக்கே போய்விடலாமா என்று தோன்றியது. சாம்பாரில் உப்பு கூடினால் தெரிந்துவிடும், ஆளுக்கு அடிபடாது.

ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு மயிலாப்பூர் போனாள். புஷ்ரா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஸ்மத்துன்னிசா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

சுலோச்சனா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "புஷ்ரா, கரெக்டா சொல்லு. அன்னிக்கு நான் உன்னப் பாத்துகினே கைய வுட்டேனா, வேற எங்கியாச்சும் பாத்துகினு இருந்தேனா?"

"நீங்க விடவே இல்லக்கா. நான்தான் ஆக்சிலேட்டர வேகமா திருகிட்டேன். உங்க கையில இருந்து வண்டி பிடுங்கிக்கிட்டு போயிடுச்சு."

சுலோச்சனா நிம்மதியாக டீயைக் கையில் எடுத்தாள். உடனே அஸ்மத்துன்னிசா குறுக்கிட்டார்.

"டாக்டர்கிட்ட நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னா. அவ வாப்பாகிட்ட நீங்க சொல்லாம விட்டுட்டீங்கன்னு சொன்னா. இப்ப இது மூணாவது கதை."

புஷ்ரா தலையைக் குனிந்துகொண்டாள். "நெஜமா எனக்கும் ஞாபகம் இல்லக்கா. யார் கேக்கறாங்களோ அவங்களுக்குத் தகுந்த மாதிரி வாயில வருது."

டீ ஆறியது. அன்று கை எப்படி விட்டது என்பது இனித் தெரியவே போவதில்லை என்று சுலோச்சனாவுக்கு உறைத்தது.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் அஸ்மத்துன்னிசா. "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு போன வருஷம் உங்ககிட்ட பத்து கிளாஸ் வந்தா. இவளுக்கு ஏன் ஏழு? யார் குறைச்சாங்க?"

"நான்தாம்மா."

"எதுக்கு?"

"நெறைய பேர சேக்கறதுக்கு."

சுலோச்சனா கிளம்பியபோது அஸ்மத்துன்னிசா வாசல்வரை வந்து, "கை சரியானா இவ திரும்ப வருவேங்கறா. எனக்கு இஷ்டமில்ல. ஆனா வருவா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சுலோச்சனா கயலிடம் மறுபடி பத்து வகுப்பு என்றாள்.

"யக்கா, எனக்கு ஏழே போதும். என்கிட்ட யாரும் விழல" என்றாள் கயல்.

"உன்கிட்ட விழல. சரி. இருந்தாலும் பத்து."

"ஏன்?"

"எனக்கே சரியா சொல்லத் தெரியல கயல். என் மனசுக்குப் பத்துதான் சரிப்படுது. அவ்ளோதான்."

கயல் உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் அப்படியே செய்தாள். அக்டோபரில் இருபத்திரண்டு பேர்தான் சேர்ந்தார்கள்.

நவம்பரில் மழை விட்ட ஒரு வாரத்தில் புஷ்ரா வந்தாள். வலது மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. டாக்டர் ஓட்டலாம் என்று சொன்னாரா என்று சுலோச்சனா இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். எட்டாம் நாள்வரை கம்பியை விடவே இல்லை. ஒன்பதாம் நாள், தெரு காலியாக இருந்தபோது, ஓடிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்.

"புஷ்ரா, வுடப்போறேன். வேணாம்னா சொல்லு."

சுலோச்சனா இன்னும் பத்தடி ஓடினாள். கால் வலித்தது.

"வேணாம்க்கா" என்றாள் புஷ்ரா. கொஞ்ச தூரம் போனதும், "சரி, விடுங்க" என்றாள். அந்தக் குரலிலும் உறுதி இல்லை.

சுலோச்சனா கையை விட்டாள். இந்தத் தடவை விட்டது நன்றாகத் தெரிந்தது. ஸ்கூட்டர் இடமும் வலமும் ஆடியது. புஷ்ரா ஒரு காலைத் தரையில் தேய்த்தாள், பிறகு தூக்கிக்கொண்டாள். தெருக்கோடிவரை போய்த் தண்ணீர் லாரிக்கு முன்னால் பிரேக் பிடித்து நின்று, திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுலோச்சனா நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகையா வியர்வையா என்று பக்கத்தில் வந்து நின்ற கயலுக்குத் தெரியவில்லை.

"யக்கா, அடுத்த மாசத்துக்கு எத்தினி பேர சேக்கறது? போன் வந்துகினே கீது" என்றாள் கயல்.

"இருபத்தஞ்சு."

கயல் குறித்துக்கொண்டாள்.

"இல்ல, இருபது போடு" என்றாள் சுலோச்சனா. "இரு, இரு. ஒனக்கு எத்தினி பேர் முடியும்?"

"எனக்கு இன்னா, பதினஞ்சு முடியும்."

"எனக்குப் பத்து முடியுமா?"

"அத என்கிட்ட கேட்டா?" என்று சிரித்தாள் கயல்.

சுலோச்சனா எழுந்து, தெருக்கோடியில் புஷ்ராவின் வண்டியைத் திருப்பிவிட நடந்தாள்.