நான்கு விநாடியில் ஒரு இடமாற்றம்

ஆபீசில் அவனுக்கு ‘மின்னல்’ என்று பெயர். வலைப்பக்கங்களைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. மனிதர் உட்கார்ந்து செய்கிற கிளிக்குகளையெல்லாம் மனிதர் இல்லாமலே செய்து முடிக்கும் புரோகிராம்களை எழுதுவான். அந்தக் கர்வம் அவனுக்குத் தேவைக்கு மேலேயே இருந்தது.

அவன் வீட்டில் தங்கித்தான் அக்கா நர்ஸ் வேலைக்குப் போய்வந்தாள். அவள் கணவனும் ஏழு வயது மகளும் இருந்தது ஐந்து மணி நேரப் பயணத்தில். வாரம் ஒரு நாள் லீவு. அதில் பாதி பஸ்ஸிலேயே கரைந்துவிடும். இடமாற்றப் படிவம் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் இணையத்தில் திறக்கும். முந்துகிறவருக்கு இடம். மகளின் ஊரில் இந்த முறை ஒரே ஒரு இடம் காலி.

“நீ ஒத்தை விரலால தடவித் தடவி முடிக்கறதுக்குள்ள எல்லாரும் போட்டுட்டுப் போயிருப்பாங்க. எங்கிட்ட விடுக்கா.”

“டேய், தப்பு கிப்பு ஆயிடாதே?”

“என் பொழைப்பே இதுதான். நாலு செகண்ட். நீ டீயை வாயில வைக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

படிவத்தில் இரண்டு பட்டியல்கள். முதலில் மாவட்டம். மாவட்டத்தை மாற்றினால், இரண்டாவது பட்டியலில் அந்த மாவட்டத்து மருத்துவமனைகள் வந்து விழும். அக்காவுக்கு வேண்டியது அதில் ஐந்தாவது. படிவத்தை ஒரு வாரம் முன்பே பார்வைக்குத் திறந்துவிட்டிருந்தார்கள், அனுப்பத்தான் முடியாது. மின்னல் அதில் மாவட்டத்தைக் கையால் தேர்ந்தெடுத்து, வரிசையைப் பார்த்துக்கொண்டான். அதே பக்கத்தில் புரோகிராமை இருபது தடவை ஓட்டினான். இருபது தடவையும் சரியாக வந்தது.

அந்த நாள் காலை பத்து மணிக்குப் படிவம் புதிதாகத் திறந்தது. புரோகிராம் மாவட்டத்தை மாற்றியது, ஐந்தாவது மருத்துவமனையைப் பிடித்தது, ‘விவரங்களைப் படித்துச் சரிபார்த்தேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டது, அனுப்பியது. நான்கு விநாடி. அக்கா கையில் டீ ஆறவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆணை வந்தது. ஒன்பது மணி நேரம் தள்ளி, மகளின் ஊருக்கு நேர் எதிர்த்திசையில், யாரும் கேட்டு வாங்காத ஒரு மருத்துவமனை.

மின்னல் ஆணையை இரண்டு தடவை படித்தான். புரோகிராமைத் திறந்து பார்த்த அடுத்த நிமிடமே புரிந்துவிட்டது. விரலால் மாற்றினால், மாற்றியது பக்கத்துக்குத் தானாகத் தெரியும். புரோகிராம் மாற்றினால், ‘மாற்றிவிட்டேன்’ என்று அதுவே பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை அவன் எழுதவே இல்லை. ஒத்திகையில் கையால் ஏற்கெனவே மாற்றியிருந்ததால் குறை தெரியவில்லை. அன்று திரையில் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறியது. கீழே, படிவம் திறக்கும்போதே தானாக வந்திருந்த வேறொரு மாவட்டத்தின் மருத்துவமனைகளே நின்றன. அதில் ஐந்தாவதைப் பிடித்து அனுப்பிவிட்டது. படிவம் கணக்கில் எடுத்துக்கொண்டது மருத்துவமனையை மட்டும்தான்.

இருவரும் இடமாற்ற அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்க கேட்ட இடத்தைத்தானேம்மா குடுத்திருக்கோம். டிக் வேற போட்டிருக்கீங்க.”

“தவறுதலா விழுந்திடுச்சு சார். நான் கேட்க நினைச்சது என் பொண்ணு இருக்கற ஊர்.”

“நாலு செகண்ட்ல அனுப்பியிருக்கீங்களே. நீங்களேதான் போட்டீங்களா? மெஷினை விட்டுப் போட்டிருந்தா விசாரணைக்குப் போகும், வேலைக்கே உலை.”

மின்னல் வாயைத் திறந்தான். அக்கா அவன் முகத்தைப் பார்க்காமலே முந்திக்கொண்டாள்.

“நான்தான் சார் போட்டேன்.”

“அப்படி என்னம்மா அவசரம்? உங்க பொண்ணு ஊர் இடம் பத்து மணி ஏழு நிமிஷம் வரைக்கும் சும்மாதான் கிடந்தது. உங்க வார்டு பெரிய நர்ஸம்மாதான் எடுத்திருக்காங்க. கண்ணாடியை மறந்துட்டு வந்து, ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிச்சுப் போட்டேன்னு சொல்லிச் சிரிச்சாங்க.”

இனி மூன்று வருடம். அதற்குள் மகளுக்குப் பத்து வயதாகிவிடும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை போலிருந்தது அவனுக்கு.

மறுநாள் அவள் புது ஊருக்கு பஸ் டிக்கெட் போட உட்கார்ந்தாள். மின்னல் பழக்கதோஷத்தில் கையை நீட்டினான்.

“குடுக்கா, நான் போட்டுத் தர்றேன்.”

“வேண்டாம்ப்பா. உனக்கு எதுக்குச் சிரமம்.”

இத்தனை வருடத்தில் ‘டேய்’ என்று கூப்பிடாமல் அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. புறப்படும் ஊரை ஒற்றை விரலால் தொட்டாள். பக்கத்தில் சேரும் ஊர்களின் பட்டியல் புதிதாக வந்து நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு, மேலிருந்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

மின்னல் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.