புண்ணியமூர்த்தி அளந்த கள்ளு

மருதமுனையில் அந்தக் காலத்தில் தோணி கட்டுகிற ஓடாவிமார் மூன்று பேர் இருந்தார்கள். மூவரிலும் காலிதீனைத்தான் கடல் தொழில்காரர் தேடி வருவார்கள். வாச்சியைப் பிடித்து அவன் ஒரு பலகையைச் செதுக்கினால், மேலே கையை வைத்துத் தடவிப் பார்க்கிறவனுக்கு ஒரு சிலாம்பு குத்தாது. பேச்சுக் குறைவு. வேலையில் பொய் கிடையாது. சபூறாவைக் கல்யாணம் முடித்து அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக அவன் யாரோடும் சண்டை போட்டதை அந்தத் தெரு கண்டதில்லை.

அவனிடம் இருந்த பிழை ஒன்றே ஒன்று. பின்னேரமானால் அவனுக்குக் கால் நிற்காது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் உளியையும் வாச்சியையும் சாக்கில் சுற்றிவைப்பான். சட்டையை மாட்டிக்கொண்டு, கடலை வலப்பக்கம் விட்டு, மணல் வழியே வடக்கே நடப்பான். பெரியநீலாவணையில் புண்ணியமூர்த்தியின் கொட்டில் இருந்தது. தென்னையில் ஏறிக் கள்ளிறக்கி அங்கேயே விற்கிறவன் புண்ணியமூர்த்தி. காலிதீன் போய்க் குந்தினால் ஐந்து சிரட்டை குடிக்காமல் எழும்ப மாட்டான். திரும்பும்போது கராம்பும் வெற்றிலையும் வாயில் போட்டுக்கொண்டு, ஊர் விளக்கு வைத்த பிறகு பின்வளவால் வீட்டுக்குள் நுழைவான்.

இந்தப் பழக்கம் ஊரில் வந்ததல்ல. கல்லோயா அணைக்கட்டு வேலைக்காக இங்கினியாகலையில் இரண்டு வருடம் பலகை அடிக்கப் போயிருந்தான். அங்கே வேலை முடிந்த களைப்பில் எல்லோரும் சாராயம் குடித்தார்கள், அவனும் குடித்தான். ஊருக்குத் திரும்பியபோது சாராயத்தை விட்டுவிட்டான். பின்னேரத்து அந்த நேரத்தை மட்டும் விட முடியவில்லை. கள்ளு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊருக்குத் தெரியாது என்று அவன் நினைத்திருந்தான். ஊருக்குத் தெரியும். பள்ளிவாசலில் பொழுதுபட்டதும் தொழுகிற மஃரிபுக்கு அவனை யாரும் காணாததே போதுமே. வேலைக்காரன், சாதுவானவன் என்று சொல்லாமல் விட்டிருந்தார்கள். சபூறாவும் சொல்லவில்லை. அவன் வரும் நேரத்துக்குச் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு, கடல் தணிந்து தொழில் தொடங்கும் பருவத்தில், மசூர் என்ற இளந்தாரிக்குக் காலிதீன் ஒரு தோணி கட்டிக் கொடுத்தான். இறக்கி எட்டாம் நாள் அந்தத் தோணிக்குள் நடுக்கடலில் தண்ணீர் ஏறியது. மசூரோடு மூன்று பேர். வலையை வெட்டிக் கடலில் விட்டார்கள், பிடித்த மீனைக் கொட்டினார்கள், இரண்டு பேர் அள்ளி ஊற்ற இரண்டு பேர் தண்டு வலித்துக் கரை சேர்ந்தார்கள். ஒருவனுக்கு மணலில் கால் பட்டதும் மயக்கம் வந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

அன்று பின்னேரம் மசூர் ஓடாவியின் பட்டறைக்கு வந்தான். கத்துவான் என்று காலிதீன் எதிர்பார்த்தான். மசூர் கத்தவில்லை, அண்ணனை அழைப்பதுபோலத்தான் அழைத்தான்.

"காக்கா, ஒருக்கா வந்து பாருங்க. வலப்பக்கம், கீழ் ரெண்டாம் பலகை. அந்த இடத்துல பஞ்சே இல்ல."

தோணிப் பலகைகள் பொருந்தும் இடுக்கில் பஞ்சைத் திரித்து அடித்து இறுக்கி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். அந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். கரையில் கவிழ்த்து வைத்திருந்த தோணியின் பக்கத்தில் காலிதீன் முழங்காலில் குந்தி விரலை ஓட்டினான். ஒரு முழ நீளத்துக்குக் குங்கிலியம் மட்டும் தோலாய்க் கிடந்தது. உள்ளே வெறும் இடுக்கு.

அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது. அந்த இடத்துக்கு வந்தபோதுதான் வெயில் சாய்ந்தது. நாளைக்கு அடிப்போம் என்று எழும்பிப் போனான். காலையில் வந்தபோது தலை பாறாங்கல்லாய்க் கனத்தது, கை நடுங்கியது. எல்லாம் அடித்து முடிந்ததென்று எண்ணிக்கொண்டு மேலால் பூசிவிட்டான்.

பலகை பிழை என்று சொல்லியிருக்கலாம். வலைக்கல் உரசியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். மசூர் நம்பியிருப்பான். காலிதீன் எழும்பி மணலைத் தட்டினான்.

"மசூர், இது என்ட பிழைதான். பின்னேரமானா எனக்குக் குடிக்காம ஏலா. அந்த அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டன்."

அந்தச் சொல்லை அவன் வாயால் இன்னொரு மனிதனுக்கு முதல் தடவையாகச் சொன்னான். சொல்லிவிட்டு மசூரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தோணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மசூர் தோணியின் மேல் கையை வைத்தான். அவன் கைகளில் தண்டு வலித்த கொப்புளம் உடைந்திருந்தது.

"கரையில ஏறக்குள்ள உங்களக் கொல்லணும் எண்டுதான் வந்தன் காக்கா. இப்ப என்ன செய்யிற? வேற ஓடாவிக்கிட்ட நான் போகல்ல. நீங்களே திருப்பி அடிங்க. நான் பக்கத்துல இரிக்கன்."

அன்று காலிதீன் பெரியநீலாவணைக்குப் போகவில்லை. இனிமேல் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று மனதுக்குள் தௌபாச் செய்துகொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனான். சபூறா ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள். முதல் நாள் தூக்கம் வரவில்லை. இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பகலில் அவன் உடம்பு முழுக்க வேர்த்து நனைந்தது. கை நடுங்கி, பிடித்த கோப்பை பல்லில் அடித்தது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறதென்று கத்தினான். சபூறா பார்த்தாள், சுவரில் ஒரு எறும்பும் இல்லை.

அவள் தலைமாட்டில் குந்தி யாசீன் ஓதினாள். ஓதி முடித்து நெற்றியைத் தொட்டாள். பிறகு அவள் சொன்னதைக் காலிதீன் சாகும்வரை மறக்கவில்லை.

"இஞ்சேருங்க, எழும்பிப் போய் ஒள்ளுப்பம், கொஞ்சமாக் குடிச்சிட்டு வாங்க."

"என்ன கதைக்காய் சபூறா?"

"ஹறாம் எண்டு எனக்குத் தெரியும். அல்லாஹ்க்கிட்ட நான் அழுது கேக்கன். இப்பிடியே நீங்க மௌத்தாகிறதப் பாத்துக்கிட்டு இரிக்க எனக்கு ஏலா. இவ்வளவு வருஷமா ஒரு சொல்லுச் சொல்லாம இருந்தன். அது என்ட பிழை. இண்டைக்குச் சொல்றன், போங்க. போயிட்டு இந்த வாசலால வாங்க, பின்வளவால வராதீங்க."

அவன் தடுமாறித் தடுமாறி மணலில் நடந்தான். கொட்டிலில் வேறு ஆட்கள் இல்லை. புண்ணியமூர்த்தி அவனைக் கண்டதும் எழும்பி ஓடிவந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தான். ஒரு சிரட்டை ஊற்றிக் கொடுத்தான். பிறகு இன்னொன்று. காலிதீனின் நடுக்கம் மெல்ல அடங்கிற்று. மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது புண்ணியமூர்த்தி கள்ளு முட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"மூண்டு நாளா வரல்ல. விடப் பாத்தீங்களோ?"

"ஓம்."

"அடியோட விடாதீங்க காக்கா. என்ட மூத்த அண்ணன் அப்பிடித்தான் ஒரே நாள்ல விட்டவர். அஞ்சாம் நாள் வலிப்பு வந்து போயிட்டார். அவருக்கும் நான்தான் ஊத்திக் குடுத்தது." புண்ணியமூர்த்தி வெளியே தென்னைகளைப் பார்த்தான். "அதுக்குப் பிறகு நான் வாயில வைக்கிறல்ல. விக்கிறன், ஓம். மரம்தான் எனக்குச் சோறு. ஆனா ஆரும் விடப்போறன் எண்டு வந்தா எனக்கு விடுவிக்கத் தெரியும்."

"எப்பிடி?"

"நான் ஊத்துறதத்தான் குடிக்கணும். வேற இடத்துல தொடக்கூடா. அஞ்சு குடிச்சீங்க. இண்டைக்கு நாலரை. அடுத்த வெள்ளி வரைக்கும் நாலரைதான். மறுகா நாலு. கெஞ்சினாலும் ஊத்தமாட்டன், ஏசினாலும் ஊத்தமாட்டன்."

கள்ளு விற்கிறவனே கள்ளைக் குறைக்கச் சொல்கிறான். காலிதீனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. அன்று வீதிப் பக்கத்து வாசலால் வீட்டுக்குள் போனான். சபூறா விளக்கோடு காத்திருந்தாள்.

நாலரை நாலாயிற்று. நாலு மூன்றரையாயிற்று. குறைவது சிரட்டையில்தான் இலேசு, மனதில் இலேசில்லை. வெள்ளிக்கிழமைகளில் காலிதீன் புண்ணியமூர்த்தியை உண்மையாகவே ஏசினான். "நீ என்ன எனக்கு வாப்பாவா?" என்று ஒருநாள் கேட்டான். புண்ணியமூர்த்தி சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரம் ஏறப் போய்விட்டான்.

குடித்து முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரம்தான் பெரிய தொல்லை. முன்பெல்லாம் இருட்டும்வரை கொட்டிலில் இருந்தான். இப்போது வெயில் இருக்கும்போதே வீட்டில் வந்து நின்றான். கைக்கு வேலை வேண்டும் என்று கிணற்றுக்கட்டைச் சுற்றிப் பலகை போட்டான், கோழிக்கூட்டைப் பிரித்துக் கட்டினான். சபூறா தறியில் இருந்து நெய்துகொண்டே அவனோடு கதைக்கத் தொடங்கினாள். இத்தனை வருடத்துக் கதை அவளிடம் இருந்தது. அவளுடைய தங்கச்சி றுகையாவின் பிரசவத்தில் நடந்ததை அப்போதுதான் அவன் முழுதாகக் கேட்டான்.

"இதையெல்லாம் நீ எனக்கு முந்திச் சொல்லல்லயே?"

"சொன்னன். நீங்க ஓம் ஓம் எண்டீங்க. காலையில மறந்துட்டீங்க."

இரண்டரையில் நின்ற கிழமை சறுக்கினான். இங்கினியாகலையில் கூட வேலை செய்த சீனிமுகம்மது பஸ்ஸில் வந்து கல்முனையில் இறங்கியிருந்தான். பழைய கூட்டாளி, பையில் சாராயப் போத்தல். கடைத்தெருவுக்குப் பின்னால் இருவரும் குந்தினார்கள். எழும்பியபோது போத்தலில் ஒன்றும் மிச்சமில்லை. சீனிமுகம்மதுவே அவனைத் தாங்கிப் பிடித்து வீடு கொண்டுவந்து விட்டான். சபூறா அழுதாள். அவளுடைய அழுகைச் சத்தத்தை அவன் அந்த மயக்கத்திலும் கேட்டான்.

மறுநாள் பின்னேரம் அவன் கொட்டிலுக்குப் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"எல்லாம் போச்சு புண்ணியமூர்த்தி. திரும்பவும் அஞ்சுல இருந்து தொடங்கு."

"சாராயமா?"

"ஓம்."

"என்னத்துக்கு அஞ்சு? முந்தநாள் ரெண்டரைதானே குடிச்சீங்க? இண்டைக்கும் ரெண்டரை. ஒருநாள் விழுந்ததுக்கு ஏறின மரமெல்லாம் இறங்கவா சொல்றீங்க? இரிங்க."

காலிதீன் இருந்தான். அந்த இரண்டரையைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், சபூறாவின் முன்னால் நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த முறை சீனிமுகம்மது வந்தா இஞ்ச கூட்டி வாங்க. நான் சோறு போடுறன், அதைத் திண்டுட்டுப் போகட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு குறைப்பது மாதக் கணக்கில் இழுத்தது. கார்த்திகை பிறக்கும்போதுதான் ஒரு சிரட்டையில் நின்றான். கை நடுக்கம் நின்று இரண்டு மாதமாகியிருந்தது. திருத்திய தோணியில் மசூர் அந்தப் பருவம் முழுக்க ஓடினான். உள்ளே கால் நனையவில்லை என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்தான். மாரி தொடங்கித் தொழில் நின்றதும் இன்னொரு தோணிக்கு அடியில் ஓடும் ஏராப் பலகை தேர்ந்தெடுக்க இருவரும் மரம் விற்கும் மரக்காலைக்குப் போனார்கள். நல்ல மரம் ஒன்று கிடைத்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, முனையில் எவ்வளவு வளைவு விடுவது என்று இருவருக்கும் தர்க்கம். மசூர் மணலில் விரலால் கீறுவான். காலிதீன் அதை அழித்துவிட்டு வேறு விதமாய்க் கீறுவான். மழை இருட்டாக இருந்ததால் பொழுது தெரியவில்லை. பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு கேட்டதும் மசூர் எழும்பினான்.

"வாறீங்களா காக்கா?"

காலிதீன் தன் வாயில் மணம் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்தான். இல்லை. எழும்பிப் போனான். கடைசி வரிசையில் நின்றான். பக்கத்தில் நின்றவர் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது வேலிக்கு அப்பால் யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தான். வெளுத்த சட்டை போட்டு, தலையில் சாக்கைக் கொங்காணியாய்ப் போட்டுக்கொண்டு, புண்ணியமூர்த்தி மழையில் நனைந்தபடி நின்றான். அவன் அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை. முன்வீட்டு வாசலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"என்ன புண்ணியமூர்த்தி, இந்த மழைக்குள்ள?"

"நீங்க வரல்ல. வலிப்புக் கிலிப்பு வந்து விழுந்திட்டீங்களோ எண்டு..." மேலே சொல்லாமல் காலிதீனை அடியிலிருந்து முடிவரை பார்த்தான்.

காலிதீன் கையில் வாளியோடு நின்றான். அப்போதுதான் அவனுக்கு அது தட்டியது.

"நான் மறந்திட்டன், புண்ணியமூர்த்தி."

"என்னத்த?"

"இண்டைக்கு அங்க வர மறந்திட்டன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புண்ணியமூர்த்திதான் முதலில் சிரித்தான். வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். காலிதீனும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற சபூறா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"அவர மழைக்குள்ள நிப்பாட்டி வைக்காம உள்ளுக்குக் கூட்டி வாங்க."

விறாந்தையில் பாய் விரித்தாள். இஞ்சி இடித்துப் போட்ட தேத்தண்ணியும் ஒரு துண்டுச் சர்க்கரையும் கொண்டுவந்து காலிதீனின் கையில் கொடுத்தாள். புண்ணியமூர்த்தி சூட்டோடு ஊதி ஊதிக் குடித்தான்.

"நாளைக்கு வருவீங்களா?"

"தெரியா. வந்தாலும் வருவன்."

"வந்தா அரைதான், சொல்லிப்போட்டன்."

"சரி."

மழை இன்னும் விடவில்லை. புண்ணியமூர்த்தி வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு வெட்கத்தோடு கதவுப் பக்கம் பார்த்து, "தங்கச்சி, இன்னும் ஒள்ளுப்பம் இருந்தா ஊத்துங்க" என்றான்.