இருக்கையில் இல்லாதவர்

குழந்தைகள் வார்டிலிருந்து அந்த மருந்து பம்ப் நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. நர்ஸே அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். "மறுபடியும் பாதியில நின்னுடுச்சு. பிள்ளைக்கு மருந்து ஏறலன்னு தற்செயலா பார்த்தேன். பார்க்கலைன்னா?" என்றார். முந்தைய மூன்று முறையும் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான்.

மருத்துவமனையின் பழுதுபார்க்கும் அறையில் நாங்கள் இரண்டு பேர்: நானும், நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த டெக்னீஷியனும். நான் ஒரு நாளைக்குப் பதினொரு கருவிகளை முடிப்பேன். அக்காவுக்கு மூன்றைத் தாண்டாது. திருகாணியைத் தொடுவதற்கு முன் அரைமணி நேரம் கருவியையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஆமை என்று பெயர் வைத்ததும் நான்தான். புதிதாக வந்த கண்காணிப்பாளருக்கு என்னைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஒரு கருவிக்கு நாற்பது நிமிடம், யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அன்றும் பம்ப் என் மேசையில் சமர்த்தாக ஓடியது. எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா எழுந்து வந்தார்.

"இங்க ஓடும் தம்பி. அங்கதானே நிக்குது."

பம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வார்டில் காலியாக இருந்த கட்டிலை ஒட்டிய ஸ்டாண்டில் அதை மாட்டிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக்கூட இறங்கி வரவில்லை. மூன்று மணிக்குப் போன் செய்தார். ஓடினேன். தரை துடைக்க வந்த அம்மா கட்டிலை உயர்த்தியிருந்தார். கூடவே உயர்ந்த பக்கக் கம்பி, பம்பின் நிறுத்தும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. கருவியில் கோளாறே இல்லை. அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை, கைதான் பரபரத்தது. தகரத்தை வெட்டி வளைத்து, சாயங்காலத்துக்குள் வார்டிலிருந்த பன்னிரண்டு பம்புகளுக்கும் பொத்தானை மறைத்து, விரலால் தூக்கித் திறக்கும் மூடி போட்டேன்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் ஒரு தாளோடு வந்தார். அக்காவுக்கு மெமோ.

"அரை நாள் சீட்ல இல்ல. நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. எல்லாரும் உங்களை மாதிரி வேலை செஞ்சா எனக்கு ஏன் இந்தத் தலைவலி?"

"எல்லாரும் என்னை மாதிரி இருந்தா பம்ப் அஞ்சாவது தடவையும் வந்திருக்கும் சார்."

"கையெழுத்துதான் கேட்டேன். கருத்து கேக்கல."

பேனாவை வாங்கினேன். 'இருக்கையில் இல்லை' என்ற வரிக்குக் கீழே, 'மூன்று முறை இருக்கையிலேயே இருந்து தவறவிட்டவன்' என்று எழுதி, அதன் கீழ் என் பெயரைப் போட்டேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "இது உங்களையும் பாதிக்கும்."

"பாதிக்கட்டும் சார்."

பத்து மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து அழைப்பு வந்தது. குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் விளக்கு அடிக்கடி அணைகிறதாம். அக்கா கிளம்பினார். என் மேசையில் ஏழு கருவிகள் காத்திருந்தன. நானும் பின்னால் போனேன்.

விளக்குக்கு எதிரே இரண்டு ஸ்டூல்களைப் போட்டுக்கொண்டோம். ஐந்து நிமிடத்துக்குள் என் கால் ஆடத் தொடங்கியது.

"ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள்ள வை," என்றார் அக்கா. வைத்தேன்.

மாடிப்படியில் கண்காணிப்பாளரின் காலடிச் சத்தம் கேட்டது. வாசல் வரை வந்து நின்றது. நாங்கள் எழவில்லை. விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.