பெயர் தேவையில்லை

மெர்சி அன்று மில் ஆபீசுக்குள் நுழைந்தபோது சென்னியம்மாளின் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சென்னியம்மாள் லீவா என்று கேட்டாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் மெர்சி எம்.இ. படித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கீபோர்டில் அடிக்கும்போது ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே விரல் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து, அடிப்பவர் யாரென்று கம்ப்யூட்டரால் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. பாஸ்வேர்டைத் திருடுகிறவனாலும் விரல்களின் ஓட்டத்தைத் திருட முடியாது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். கோபிசெட்டிபாளையத்துக்காரனான கிருபாசங்கர் அவளோடு சேர்ந்து அதே வேலையைச் செய்தான். அவனுடைய மாமா வேங்கடசாமி அந்த நூல் மில்லில் மேனேஜர். ஆபீஸ் பெண்களைக் கீபோர்டில் அடிக்கச் சொல்லிப் பதிவு செய்ய அனுமதி வாங்கித் தந்தது அவன்தான்.

பெண்கள் முதலில் தயங்கினார்கள். இதை வைத்து எங்களை வேவு பார்ப்பார்களா என்று சென்னியம்மாள் மட்டும் வாய்விட்டுக் கேட்டாள். பதிவு எதுவும் கல்லூரியைத் தாண்டாது, மில்லுக்குப் போகவே போகாது என்று மெர்சி வாக்குக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற கிருபாசங்கரும் தலையாட்டினான்.

"உன்னைய நம்பித்தான் உக்காருறேன் கண்ணு" என்று சென்னியம்மாள் முதல் ஆளாக அடித்துக் காட்டினாள். அதன்பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

இப்போது அவளைத் தேடி மெர்சி சிங்காநல்லூருக்குப் போனாள். சென்னியம்மாள் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க மேடம்" என்றாள். முன்பு கண்ணு என்று கூப்பிட்டவள்.

நடந்ததைச் சென்னியம்மாள் சொன்னாள். புகார் எழுத வேண்டுமானால் எழுதலாம், பெயர் தேவையில்லை என்று நோட்டீஸ் ஒட்டி, மில்லில் தனியறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் சின்னப் பெண்களிடம் சூப்பர்வைசர் தப்பாக நடந்துகொள்கிறார் என்று அவர்களுக்காக இவள் அதில் அடித்தாள். சூப்பர்வைசரை யாரும் விசாரிக்கவில்லை. இவளைத்தான் மேனேஜர் கூப்பிட்டார். எழுதியது நீதான் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"அந்த ரூமுக்கு எத்தனையோ பேர் போய்ட்டு வந்தாங்க. என்னைய மட்டும் எப்புடிங்க கண்டுபுடிச்சாங்க?"

தனக்கு எதுவும் தெரியாது என்று மெர்சி சொன்னாள்.

"தெரியாம இருந்திருக்கலாமுங்க. ஆனா வாக்குக் குடுத்தது நீங்கதானுங்களே."

மெர்சி அங்கிருந்து நேராகக் கல்லூரி லேபுக்குப் போனாள். கிருபாசங்கர் எதையும் மறைக்கவில்லை.

"மாமா கேட்டாருங்க. நம்ம புரோகிராமையும் ஆபீஸ் பொண்ணுங்க பதிவையும் அந்தப் புகார் மிஷின்ல போட்டு வெச்சேன். ஆளைக் கரெக்டா காட்டிருச்சு. நீங்க சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சனுங்க."

பெங்களூர் மாநாட்டுக்கு அனுப்பும் கட்டுரையில் அந்த முடிவையும் சேர்த்து, மேலே இருவர் பெயரையும் போட்டிருந்தான். மெர்சி அதைத் திரையில் படித்தாள். தான் வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் நின்று தலையாட்டிய முகம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அழக்கூடத் தோன்றவில்லை.

பேராசிரியர் திருமலைசாமியாவது கண்டிப்பார் என்று நம்பி அவரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கட்டுரையில் மில்லின் பெயர் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். லேபிலிருக்கும் கம்ப்யூட்டர்களில் பாதி அந்த மில்காரர்கள் கொடுத்தவை என்பதையும் நினைவுபடுத்தினார்.

மெர்சி கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டாள். தன்னிடமிருந்த பதிவுகளை அழித்தாள். கிருபாசங்கரிடம் நகல் இருக்கும் என்று தெரிந்துதான் அழித்தாள். அடிப்பவரின் வேகத்தைக் கலைத்துவிட்டு, எழுதியது யாரென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்யும் முறையைப் புதிய தலைப்பாக எடுத்துக்கொண்டாள். அதனால் ஒரு வருஷம் வீணானது. ஆனைமலையில் இருந்த அப்பாவுக்கு ஏதேதோ காரணம் சொன்னாள்.

சென்னியம்மாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனபோது, ஆளை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மெர்சி தன் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தாள். அப்படியொரு புரோகிராமே கிடையாது என்று மில் சொன்னது. அதற்குள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து வைத்திருந்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சென்னியம்மாள் காந்திபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் சேர்ந்தாள். கிருபாசங்கருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது.

புதிய ஆராய்ச்சி முடிந்ததும் மெர்சி அந்தக் கடைக்குப் போனாள். இனிமேல் யாரும் அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னாள். சென்னியம்மாள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

"நல்லதுங்க. ஆனா அந்த ரூமுக்குள்ள இப்ப ஒருத்தியும் கால் வெக்கறதில்லீங்க. அந்தச் சூப்பர்வைசர் அதே ஷிப்ட்லதான் இருக்கானுங்க. அந்தப் புள்ளைங்க இனி யாருகிட்டப் போய்ச் சொல்லுவாங்க?"

கடைக்கு ஆட்கள் வந்தார்கள். சென்னியம்மாள் அவர்களைக் கவனிக்க எழுந்து போனாள்.