கால்வாயோரத்துப் பொத்தான்கள்

ராணிப்பேட்டையிலிருந்து வாலாஜா போகிற பக்கம், தூர்ந்துபோன ஒரு கால்வாயை ஒட்டி ஜெனிஃபாவும் அவள் கணவன் ரெனால்டும் மனை வாங்கியிருந்தார்கள். 2004 பொங்கல் முடிந்த கையோடு கடைக்கால் தோண்ட ஆள் விட்டார்கள். மறுநாளே வேலை நின்றுபோனது.

மேஸ்திரி சின்னசாமி தன் துண்டை விரித்துக் காட்டினார். பச்சை பிடித்த உலோகப் பொத்தான்கள் ஒரு கைப்பிடி இருந்தன. ஒன்றில் கிரீடம் தெரிந்தது.

"இது பட்டாளத்துக்காரங்க பொத்தான்மா. வெள்ளைக்காரன் காலத்துல இங்க குதிரைப்படை இருந்துச்சு இல்ல? சண்டையில செத்தவங்கள இங்கதான் பொதைச்சிருக்கணும். ஆளுங்க பள்ளத்துல எறங்க மாட்டேன்றாங்க."

"எலும்பு ஏதாவது வந்துச்சா மேஸ்திரி?" என்று கேட்டாள் ஜெனிஃபா.

"அதெல்லாம் மண்ணோட மண்ணா போயிருக்கும்."

கூடவே வந்திருந்த மாமியார் ஜெயம்மாள் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார். "கல்லறை மேல வீடு கட்டுனா நான் அங்க வந்து படுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றார். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரெனால்டுக்கு யார் சொல்வதும் சரியாகத்தான் படும். அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

ஜெனிஃபா ஒரு பொத்தானை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். துணியோடு சேர்த்துத் தைப்பதற்காகப் பின்னால் இருக்கும் சின்னக் காது ஒடிந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் காது ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

"இது கல்லறை இல்லீங்க அத்தை. இன்னான்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன். ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுங்க" என்றாள்.

அவள் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். தைக்கும்போது ஊசி முறிந்து முனை ஷூவுக்குள் மாட்டிக்கொண்டால் வெளிநாட்டுக்குப் போன சரக்கு முழுதும் திரும்பி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஜோடியும் மெட்டல் டிடெக்டரைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். கையில் பிடிக்கிற பழைய டிடெக்டர் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. மேனேஜரிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொல்லிக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டார் மூவரும் சின்னசாமியையும் கூட்டிக்கொண்டு மனைக்குப் போனார்கள். அந்த டிடெக்டருக்கு ஆழத்தில் இருப்பது தெரியாது. ஆகவே தோண்டிப் போட்ட மண்ணை மெல்லிசாகப் பரப்பச் சொன்னாள் ஜெனிஃபா. சின்னசாமி மனசில்லாமல்தான் மண்வெட்டியை எடுத்தார். அவள் குனிந்து, கருவியைத் தரையோடு தரையாக ஓட்டினாள். கீச்சென்று கத்திய இடத்திலெல்லாம் ரெனால்டு விரலால் கிளறினான்.

கீச்சலுக்குப் பஞ்சமே இல்லை. பெரிய பொத்தான், சின்னப் பொத்தான், தட்டையானது, குமிழ்போல உப்பியது, பெல்ட் பக்கிள் ஒன்று. பிறகு பெண்கள் ரவிக்கையில் வைப்பதுபோன்ற கொக்கிகள் வந்தன. குழந்தைச் சட்டைக்குத்தான் ஆகும் என்கிற அளவில் இரண்டு பித்தளைப் பொத்தான்களும் வந்தன. கருவி கத்தாமலே ரெனால்டின் கண்ணில் நாலைந்து சிப்பிப் பொத்தான்கள் பட்டன.

"புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆய்டும்" என்றான் ரெனால்டு உற்சாகமாக.

"தேய்ச்சா எழுத்து போய்டும். தண்ணியில ஊற வைங்க, போதும்."

ஊறிய மண்ணைப் பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் அவளே மெதுவாக நீக்கினாள். சிலவற்றின் முகத்தில் எண்கள் தெரிந்தன. சிலவற்றின் முதுகில் வளைவாக ஆங்கில எழுத்துகள். லண்டன் என்பதை மட்டும் படிக்க முடிந்தது. எல்லாவற்றையும் டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கிக்கொண்டு, சின்னசாமியையும் கூட்டிக்கொண்டு வாலாஜா பஜாருக்குக் கிளம்பினாள். அங்கே பித்தளைக் கடை வைத்திருக்கும் ஜியாவுல்லா பழைய காசும் பட்டாளத்துப் பொத்தானும் சேர்ப்பவர்.

ஜியாவுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடடா! இந்தத் தட்டையானது ஒரே தகடும்மா, பின்னால காதை மட்டும் பத்த வெச்சிருக்கான். ரொம்பப் பழசு. இந்த உப்பலானது ரெண்டு தகட்டை மடிச்சுச் சேர்த்தது. அதுக்கப்புறம் இது வர்றதுக்கு அம்பது வருஷமாவது ஆகியிருக்கும். இது குதிரைப்படை. இந்த நம்பர் காலாட்படை, வேற ரெஜிமென்ட். எல்லாம் ஒரே குழியிலயா கெடச்சுது?"

"ஒரே எடத்துல, பாய். இப்ப நீங்களே சொல்லுங்க. சண்டையில செத்தவங்களைப் பொதைச்சிருந்தா ஒரே காலத்துப் பொத்தான்தானே வரணும்?"

"வாஸ்தவம். அப்போ பட்டாளத்துக் குப்பையைக் கொட்டுன எடமோ?"

"குப்பைன்னா நல்ல பொத்தானும் சிலது இருக்கும். இதுல ஒண்ணுகூட முழுசா இல்ல. கம்பெனியில நாங்க பக்கிளை இழுத்து இழுத்துப் பார்ப்போம் பாய். நூல் இத்துப்போய் விழுந்தா காது அப்படியே இருக்கும். இங்க பாருங்க, காது ஒடிஞ்சிருக்கு, முகம் நசுங்கியிருக்கு. யாரோ அடிச்சிருக்காங்க. அம்பது வருஷமா, ஜாதி பாக்காம, பட்டாளத்துச் சட்டை, பொம்பளைங்க துணி, கொழந்தை துணின்னு எல்லாத்தையும் அடிச்சிருக்காங்க."

 ஜியாவுல்லா தொடையில் தட்டிச் சிரித்தார். "துணி தொவைக்கிற எடம்!"

"கால்வாய் பக்கத்துலயே இருக்கே பாய். தண்ணி ஓடியிருக்கு. பட்டாளத்துக்குத் துணி வெளுத்தவங்க அங்கதான் தொவைச்சிருக்காங்க. சாவு எதுவும் இல்ல."

சின்னசாமி தாடையைத் தடவினார். "நீங்க சொல்றது சரியா இருக்கும்மா. ஆனா என் ஆளுங்களுக்கு இந்தப் பேச்சு பத்தாது. கண்ணுல பாக்கணும்."

"பாக்கட்டும். அடிக்கணும்னா கல்லு வேணும்ல? கால்வாய்ப் பக்கத்து மூலையில தோண்டுங்க, மேஸ்திரி. கல்லு வரும்."

திங்கட்கிழமை அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். ஆட்கள் நாலுபேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். பொத்தான்கள் அதிகமாகக் கிடைத்த மூலையில் கோடு கிழித்துக் கொடுத்தாள். இடுப்பளவு பள்ளம் ஆகியும் வெறும் மண்தான். ஜெயம்மாள் உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார். ரெனால்டு அருகில் வந்து, "ஜெனி, ஒருவேளை கல்லைப் பேத்து எடுத்துட்டுப் போயிருந்தா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அவ்ளோ பெரிய கல்லை யாருங்க தூக்குவா? இன்னும் கொஞ்சம் கால்வாய்ப் பக்கம் தள்ளித் தோண்டட்டும்."

தள்ளித் தோண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை ணங்கென்று இடித்தது. சின்னசாமியே பள்ளத்தில் குதித்து இரண்டு கையாலும் மண்ணை வாரினார். சாய்வாகப் பதித்த கருங்கல் பலகை ஒன்று தலைகாட்டியது. மேல்பக்கம் கண்ணாடிபோல வழவழத்துப்போய், நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் இடையே இருந்த சந்தில் நசுங்கிய பொத்தான்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன.

"தொவைக்கிற கல்லுதாண்டா!" என்று சின்னசாமி கத்தினார். "எறங்குங்கடா எல்லாரும்!"

மேலே நின்ற ஆட்கள் சிரித்துக்கொண்டே குதித்தார்கள். அதில் ஒருவன், இவ்வளவு நாளும் துணி துவைத்த கல்லுக்கா பயந்தோம் என்று இன்னொருவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். ஜெனிஃபாவுக்கும் கூடவே குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனாலும், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல நின்றுகொண்டாள்.

கல்லைத் தூக்க முடியவில்லை. வரைபடத்தைத் திருத்தி, அந்த மூலையைக் கொல்லையாக விட்டுவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் புதுவீட்டில் போதகர் வந்து ஜெபம் செய்தார். விருந்துக்கு ஜியாவுல்லா தன் சேகரிப்புத் தட்டோடு வந்து, கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் பொத்தான் பொத்தானாகக் காட்டினார். ஜெயம்மாள் கொல்லைப்புறம் போய்க் கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உள்ளே வந்ததும் மருமகளிடம், "வாஷிங் மெஷின் எதுக்கும்மா வாங்குற? அதான் கல்லு இருக்கே" என்றார்.

"நான் மெஷின்லயே போட்டுக்குறேன் அத்தை. அந்தக் கல்லுல அடிச்சா சட்டையில ஒரு பொத்தான் நிக்காது" என்று சொல்லிவிட்டு, ஜெனிஃபா பிரியாணித் தட்டோடு விருந்தாளிகளிடம் போனாள்.