காணாமல் போன ஒரு தலை

எங்கள் நெவாடா பள்ளத்தாக்கில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப்பெட்டி கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் தீயணைப்பு நிலையத்தில் கூடுவோம். செனட்டரின் ஆட்கள் தீயணைப்பு வண்டிக்கு இடப்பக்கம், கவர்னரின் ஆட்கள் வலப்பக்கம். தலையை எண்ணி, கூட்டம் அதிகமான பக்கத்துக்கு ஒரு பிரதிநிதி. சமமாக வந்தால் பக்கத்துக்கு ஒருவர் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு உருவுவார். பெரிய சீட்டு ஜெயிக்கும். இதில் எங்களுக்குக் கூச்சமே கிடையாது.

அந்த வருஷம் கூட்டத்துக்குத் தலைவர் நான். எண்ணியவன் என் மச்சான் பெனாட், மாட்டுச்சந்தையில் ஏலம் விடுகிறவன். ஒருமுறை தும்மியவருக்கு ஏழு மாடு விற்றுவிட்டான். அவர் இன்று பெரிய பால்பண்ணைக்காரர்.

செனட்டருக்கு நாற்பத்தொன்று, கவர்னருக்கு நாற்பது. கட்சி ஆபீசுக்குப் போன் போட்டேன். காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில்.

"ஐயா, வாசல்ல எண்பத்திரண்டு பேர் வந்ததா நீங்கதானே சொன்னீங்க? ஒரு ஆள் எங்க?" என்றாள் போனை எடுத்த பெண். "மாநிலம் பூரா ரெண்டு பேரும் சமமா நிக்கிறாங்க. உங்க ஒரு பிரதிநிதியிலதான் எல்லாமே இருக்கு."

ஊரே கேட்டது.

கவர்னர் பக்கத்து ஆள் டல்லஸ் ப்ரூவிட் போய் வாசல் ஷட்டரை இறக்கினான். அதில் முதுகைச் சாய்த்து நின்றான். இடுப்பில் துப்பாக்கி எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு, கோயிலுக்கும் அப்படித்தான் வருவார்கள். ஆனால் அவன் கை அதன்மேல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகமாட்டீங்க. பெருசு, உன் மச்சான் எங்க பக்கத்துல ஒரு தலைய முழுங்கிட்டான். அவனைக் கக்கச் சொல்லு."

"முழுங்குறதுக்கு உன் தலையில என்னடா இருக்கு?" என்றான் பெனாட். சொன்ன கையோடு என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான்.

கவர்னர் பக்கத்தை மறுபடி எண்ணினான். நாற்பது. நான் எண்ணினேன். நாற்பத்தொன்று. அதுதான் வினையாயிற்று. இப்போது இரண்டு கணக்கு, நாங்கள் இரண்டு திருடர்கள். கவர்னர் ஆட்கள் பின்னாலிருந்து நெருக்கினார்கள். ப்ரூவிட் துப்பாக்கி உறையின் பட்டனைத் திறந்த சத்தம் எனக்குக்கூடக் கேட்டது. சட்டைப் பையில் கழற்றி வைத்திருந்த என் பல்செட் தானாகக் கடகடவென்று அடித்துக்கொண்டது. அதைக் கையால் பொத்திப் பிடித்தேன்.

"மச்சான், உயிர் வேணும்னா ஒவ்வொரு தலையா தொட்டு எண்ணு," என்றேன்.

தொட்டுக்கொண்டே போனான். கிராசியானா கிழவியிடம் வந்தான். அவளுக்குத் தொண்ணூறு வயது. அவள் முழங்கையைப் பிடித்தபடி அறுபது வயது மகன் டொமிங்கோ. பெனாட் கிழவியைத் தொட்டான், மகனைத் தாண்டிப் போனான்.

"டேய், அவனை ஏன்டா விட்டே?"

"தாயும் கன்னும் ஜோடி மாமா. சந்தையில ஒண்ணுன்னுதான் கணக்கு. பால் மறந்தாத்தான் தனித் தலை."

"எம்பையன் பால் மறந்து ரொம்ப நாளாச்சுடா, எடுபட்ட பயலே!" என்றாள் கிழவி.

யாரும் சிரிக்கவில்லை. பெனாட் சத்தமில்லாமல் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

ஆக இரண்டு பக்கமும் நாற்பத்தொன்று. இனி சீட்டு. குலுக்க வேண்டியவன் நான். எது வந்தாலும் யாராவது ஒருவர் என்னைச் சுடுவார்கள் என்று தோன்றியது. சீட்டுக் கட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது. செனட்டர் பக்கத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியை உருவினாள்: மூன்று. கட்டில் அதைவிடச் சின்னது இரண்டாம் நம்பர் சீட்டு மட்டும்தான்.

ப்ரூவிட் முதன்முறையாகப் பல்லைக் காட்டினான். "காணாமப் போனவனே எடுக்கட்டும். டொமிங்கோ, வாடா!"

டொமிங்கோ வந்தான், கண்ணை மூடினான், உருவினான்.

இரண்டு.

ப்ரூவிட்டின் கண் என்னை விட்டு மெல்ல நகர்ந்தது. கட்டைக் குலுக்கியவனைச் சந்தேகிக்கலாம். உருவியவன் அவர்கள் ஆள், அவனைக் கூப்பிட்டவனும் ப்ரூவிட்டேதான். எண்பது ஜோடிக் கண்களும் டொமிங்கோவின் மேல் விழுந்தன.

டொமிங்கோ பின்வாங்கினான். இன்னும் பின்வாங்கினான். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய், தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்துகொண்டான். கிழவி கைத்தடியை ப்ரூவிட்டின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கதவைத் திறடா."

திறந்தான்.

வண்டிக்கு அடியிலிருந்து பெனாட்டின் குரல் மட்டும் வந்தது. "இப்ப எண்ணிப் பாரு மாமா. ஒண்ணுதானே?"